லைசென்ஸா, லீஸா?

பத்திரத்தின் தலைப்பு 'லீவ் அண்ட் லைசென்ஸ்'. 11 மாதத்துக்கு எழுதி, முடிய முடிய அதே வாசகத்தோடு புதுப்பித்துப் பல வருஷம் ஓடியிருந்தது. என் கட்சிக்காரர் மதுரையில் தையல்கடை வைத்திருந்தவர். 'இவர் வாடகைதாரர் அல்ல, லைசென்ஸ் பெற்றவர்தான். அதை ரத்து செய்துவிட்டேன், காலி செய்ய உத்தரவிட வேண்டும்' என்று கட்டடச் சொந்தக்காரர் முன்சீப் கோர்ட்டில் பிராது போட்டிருந்தார்.

"மாசம் பொறந்தா வாடகைன்னு சொல்லித்தானே சார் வாங்கிட்டுப் போனாரு?" என்றார் தையல்காரர். ரசீது ஒன்றும் இல்லை.

லீஸ் என்றால் சொத்தை அனுபவிக்கும் உரிமையே கைமாறுகிறது. சொத்து மாற்றுச் சட்டம், 105ஆம் பிரிவு. லைசென்ஸ் வெறும் அனுமதி. வசதியுரிமைச் சட்டம், 52ஆம் பிரிவு. பொருட்காட்சியில் கடை போட இடம் விடுவதைப் போல, சொத்தில் எந்தப் பாத்தியமும் வராது. இரண்டுமே 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள். லீஸ் என்றால் அன்று அமலில் இருந்த 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் துணைக்கு வரும். அதில் சொன்ன காரணம் இல்லாமல் வெளியேற்ற முடியாது. லைசென்ஸுக்கு அந்தத் துணை கிடையாது. அதற்காகவே வாடகைப் பத்திரத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது அநியாயம் என்பதே என் கருத்து.

பெயரைப் பார்க்காதே, உள்ளே இருப்பதைப் பார் என்று 1959இலேயே அசோசியேட்டட் ஓட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டெல்லி இம்பீரியல் ஓட்டலுக்குள் முடி அலங்காரத் தொழில் நடத்தியவரின் வழக்கு அது. அவருடைய பத்திரத்திலும் லைசென்ஸ் என்றுதான் இருந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் அதை லீஸ் என்றார்கள். பிரத்தியேக சுவாதீனம் யாரிடம் என்பது பெரிய அடையாளம்.

சொந்தக்காரரைக் குறுக்கு விசாரணை செய்தபோது நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

"ஷட்டர் சாவி யாரிடம் இருக்கிறது?"

"அவரிடம்."

"உங்களிடம் மாற்றுச் சாவி?"

"இல்லை."

"அவர் ஊருக்குப் போயிருந்தால் நீங்கள் உள்ளே போக முடியுமா?"

"அவர் வந்து திறக்கணும்."

"மின் கட்டணம்?"

"அவர்தான் கட்டுறார்."

இதற்குமேல் கேட்க எனக்கு எதுவும் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் தலைப்பையும், 'வாடகை உறவு இல்லை' என்ற ஷரத்தையும் திரும்பத் திரும்ப வாசித்தார். ஒரு ஷரத்தை எழுதிவிட்டால் உண்மை மாறிவிடாது என்று நான் வாதிட்டேன். நீதிபதி லீஸ் என்றே முடிவு செய்து பிராதைத் தள்ளுபடி செய்தார். காலி செய்யச் சொல்ல வேண்டுமானால் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றார். சொந்தக்காரர் போகவில்லை. வாடகையைக் கொஞ்சம் கூட்டிப் பேசி முடித்தார்கள். அதன்பிறகு மாதாமாதம் ரசீது தந்தார்.