கோரத்துக்கு யார் முகம்?

திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகம் பகுதிக்குப் பெயர் தந்ததே ஒரு கலப்பு உருவம்தான். பன்றி முகமும் மனித உடலும் கொண்ட வராகமூர்த்தியைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை, கும்பிடுகிறார்கள். சிங்க உடலும் துதிக்கையுமாக யாளி கோயில் தூண்களில் காவல் நிற்கிறது.

விகாரமாக உருமாறிய பிராணி ஒன்றைச் சொந்தமாக வரைய வேண்டிய ஓவிய மாணவருக்கு இவை நல்ல பாடம். இல்லாத மிருகத்தை நம்பவைக்க, உறுப்புகளை இருக்கும் மிருகங்களிடமிருந்து எடுக்கச் சொன்னார் லியோனார்டோ டா வின்சி: தலைக்கு நாய், கண்ணுக்குப் பூனை, காதுக்கு முள்ளம்பன்றி.

ஆனால், வீங்கிய தலை, திருகிய கை என்று மனித உடலிலிருந்து எடுக்கும்போது சிக்கல் வருகிறது. இதே கேரளத்தின் காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்களின் மேல் 20 ஆண்டுகளுக்கும் மேலாக, 2000 வரை, ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். சுற்றியிருந்த கிராமங்களில் அப்படிப்பட்ட உடலோடு குழந்தைகள் பிறந்தன. அந்த மருந்தை உச்ச நீதிமன்றம் தடை செய்தது 2011இல்தான். அந்த உடலைப் பேய்க்குக் கொடுத்தால், பார்ப்பவர் அருவருப்பது பாதிக்கப்பட்ட பிள்ளையைத்தான்.

பயமுறுத்த வேண்டியது ஹெலிகாப்டர். அதற்குத் தும்பியின் கண்ணையும், விஷம் சொட்டும் மாட்டு மடியையும் வைத்து வரையட்டும்.