வெங்காய சூப்பும் என் பிரெஞ்சு மருமகளும்

"வெங்காயம் வதக்க ஒரு மணி நேரமா? கேஸ் என்ன ஓசியிலா வருகிறது?" என்று என் கணவர் இன்றைக்கும் கேலி செய்வார். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவள்தான். அந்த ஒரு மணி நேரம் எனக்கு என்ன தந்தது என்பதை அவரிடம் சொன்னால், "ஆமாம், பெரிய அதிசயம்!" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். உங்களிடம் சொல்லலாம் அல்லவா?

2017-ஆம் வருடம் ஜனவரி மாதம். என் மகன் பாரிஸுக்குத் தெற்கே ஒரு புறநகரில் குடியிருக்கிறான். மருமகள் பிரெஞ்சுக்காரப் பெண். தாயார் இல்லை, கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பே காலமாகிவிட்டார். தலைப்பிரசவம் என்றதும் மகன், "அம்மா, நீ வந்தாத்தான் சரியா இருக்கும்" என்று கூப்பிட்டான். தாயில்லாப் பெண்ணுக்கு மாமியார்தானே தாய்? சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு, பிரசவ லேகியம் என்று பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு கடலூரிலிருந்து கிளம்பிவிட்டேன்.

பேத்தி பிறந்து நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். வெளியே எலும்பு வரை போகிற குளிர். ஜன்னல் எல்லாம் அடைத்த வீடு. நான் பூண்டைச் சுட்டு, மிளகுக் குழம்பு வைத்து, சாதம் குழைத்து, நெய் விட்டுப் பத்தியம் போட்டேன். அந்தப் பெண் இரண்டு வாய் சாப்பிடுவாள், "மெர்சி, அத்தே" என்பாள் (அத்தை என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தான் மகன்), தட்டை நகர்த்திவிடுவாள். லேகியத்தை வாயில் வைத்தவள் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன்! மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற சத்தம் கேட்கும். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அவளுக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரியும். என்னத்தைக் கேட்பது?

அந்த ஊரில் பிரசவம் பார்க்கிற நர்ஸம்மா வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போகிறார். நல்ல ஏற்பாடு. அவர் வந்தபோது என் பத்தியத் தட்டைப் பார்த்துவிட்டு மகனிடம் என்னவோ சொன்னார். "பிள்ளை பெத்த முதல் வாரத்துல அழுகை வர்றது சகஜமாம். ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணுமாம். அவளுக்குப் பிடிச்சதைச் சாப்பிடச் சொல்றாங்கம்மா" என்றான். இளம் தாய்மார்கள் இந்த இரண்டு வாரக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் இதைக் 'கண்ணேறு' என்றும் 'கொழுப்பு' என்றும் சொல்லித் தள்ளிவிடுகிறோம்.

எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன்? கடல் கடந்து வந்தவளுக்குச் சமையல் தெரியாது என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது. "அப்படி என்னதான் பிடிக்குமாம் அவளுக்கு?" என்று கேட்டேன். மகன் தயங்கிக்கொண்டே, "அவங்க அம்மா வைக்கிற வெங்காய சூப்பும்மா" என்றான்.

வெங்காய சூப்! இதற்கா இந்த அழுகை என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பயம். முதல் தடவை பாரிஸ் போயிருந்தபோது ஓட்டலில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன், அந்த சூப்புக்கு மாட்டு எலும்பைக் கொதிக்க வைத்த சாறு சேர்ப்பார்கள் என்று. நாங்கள் மீன், கோழி சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் மாட்டிறைச்சி எங்கள் அடுப்பில் ஏறியதில்லை. அவள் வீடு, அவள் அடுப்பு, நான் யார் தடுக்க? ஆனால் என் கையால் செய்ய வருமா? அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

காலையில் மகன் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்து வைத்தான். சம்பந்தியம்மாவின் கையெழுத்து. எண்ணெய்க் கறை, மாவுக் கறை, நம் வீட்டு நோட்டு மாதிரியே. அவன் தமிழில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வெங்காயம் ஒரு கிலோ. வெண்ணெய் ஒரு அக்ரூட் பருப்பு அளவு, அதற்குப் பக்கத்திலேயே 'இரண்டு அக்ரூட்' என்று திருத்தம். அப்புறம்? "தண்ணீர்" என்றான். "தண்ணியா? எலும்புச் சாறு இல்லையா?" "இல்லம்மா, வெறும் தண்ணிதான் எழுதியிருக்கு."

எனக்கு உயிர் வந்தது. விசாரித்தால் விஷயம் இதுதான்: பணக்கார ஓட்டல்களில்தான் மாட்டுச் சாறு. இது ஏழை எளியவர்களின் சூப். வெங்காயம், காய்ந்துபோன ரொட்டி, தண்ணீர், இருந்தால் ஒரு துண்டு சீஸ். பாரிஸ் நடுவில் 'லே ஆல்' என்று ஒரு பிரும்மாண்டமான மொத்த மார்க்கெட் இருந்தது. ராத்திரி முழுக்க மூட்டை தூக்கிய கூலிக்காரர்கள் விடியற்காலையில் சுடச்சுடக் குடித்தது இந்த சூப்பைத்தான். நாடகம் பார்த்துவிட்டு, நடனம் ஆடிவிட்டு வந்த சீமாட்டிகளும் அதே நேரத்தில் அங்கே வந்து குடிப்பார்களாம்! மருமகளின் தாத்தா அங்கே மூட்டை தூக்கியவர். 1969-இல் அந்த மார்க்கெட்டை ஊருக்கு வெளியே ரன்ஜிஸ் என்ற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். குடும்பமும் அந்தப் பக்கமே குடி வந்துவிட்டது. பழைய மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது கடை வளாகம். பக்கத்துத் தேவாலயம் மட்டும் அப்படியே நிற்கிறது.

சரி, சமையலுக்கு வருவோம். கிலோ வெங்காயம்தானே, நமக்கு என்ன கஷ்டம்? பிரியாணிக்கு வதக்காத வெங்காயமா? அடுப்பை முழுசாக வைத்து, பத்தே நிமிஷத்தில் பொன்னிறமாக்கிவிட்டேன். இன்னும் நிறம் வேண்டும் என்று நோட்டில் இருந்ததால் இன்னும் கொஞ்சம். ஓரமெல்லாம் கறுத்தது, நடுவில் நறுக்கென்று பச்சை. தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். கீழே வைத்துவிட்டாள். நானும் ருசி பார்த்தேன். கசப்பு!

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து நின்றேன். பின்னாலேயே அவளும் வந்தாள். குழந்தையை மகனிடம் கொடுத்துவிட்டு, கூடையிலிருந்து வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். குறை சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "பிள்ளை பெத்த உடம்பு, நிக்காதம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். வார்த்தை புரிந்ததோ இல்லையோ, உட்கார்ந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாதி வெங்காயத்தில் பார்த்தால் அவளுக்கு அது வெங்காயக் கண்ணீர் இல்லை. "மமான், மமான்" என்று தேம்பினாள். அம்மா என்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா? கத்தியை வாங்கி வைத்துவிட்டு, வெங்காயக் கையோடேயே அணைத்துக்கொண்டேன். பாவம், ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் தங்கள் அம்மாவோடு இருந்திருப்பார்கள்! எனக்கு ஏன் இது முன்பே தோன்றவில்லை?

அப்புறம் வதக்கினோம். நான் அடுப்பைக் கூட்டப் போனால் அவள் கை வந்து குறைக்கும். "தூஸ்மான், அத்தே, தூஸ்மான்." மெதுவாக, பதமாக என்று அர்த்தமாம். அன்றைக்கு அந்த வார்த்தையை இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

இனி பக்குவம். நாலு பேருக்குச் சொல்கிறேன். பெரிய வெங்காயம் ஒரு கிலோ. நீளவாக்கில் மெல்லியதாக நறுக்குங்கள். குறுக்கே நறுக்கினால் கரைந்துவிடும். அடிகனமான பாத்திரத்தில் 50 கிராம் வெண்ணெய், கருகாமல் இருக்க ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய். வெங்காயத்தையும் ஒரு டீஸ்பூன் உப்பையும் போட்டு, மூடி, சிறு தீயில் கால் மணி. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அது வெளியே வந்து வெங்காயம் துவண்டு படுத்துவிடும். பிறகு மூடியை எடுத்துவிட்டு, அதே சிறு தீயில் நாற்பது, நாற்பத்தைந்து நிமிஷம். இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கிளறினால் போதும். முதலில் கண்ணாடி மாதிரி, அப்புறம் வைக்கோல் நிறம், அப்புறம் தேன், கடைசியில் புளியங்கொட்டை நிறம். அடியில் பழுப்பாக ஒட்டினால் பயப்படாதீர்கள், ருசியே அங்கேதான். ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டி விடுங்கள். சட்டி நிறைய இருந்தது அடியில் ஒரு கைப்பிடியாகச் சுண்டும். வெங்காயத்துக்குள்ளேயே இருக்கிற சர்க்கரை மெதுவான சூட்டில்தான் இப்படிச் சிவக்கும். அவசரப்பட்டால் மேலே கருகும், உள்ளே காரல் போகாது. சிலர் சமையல் சோடா போட்டுச் சீக்கிரம் சிவக்க வைக்கிறார்கள். சிவக்கும்தான், ஆனால் கூழாகிவிடும். வேண்டாம்.

ஒரு டேபிள்ஸ்பூன் மைதா தூவி இரண்டு நிமிஷம் வதக்குங்கள். பிறகு ஒன்றரை லிட்டர் வெந்நீர், ஒரு பிரிஞ்சி இலை. அங்கே 'தைம்' என்ற ஓமவாசனையுள்ள இலை போடுகிறார்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், நஷ்டமில்லை. தண்ணீரைக் காரட், செலரி, காளான் தண்டு போட்டு முன்னதாகவே கொதிக்க வைத்து வடிகட்டிக்கொண்டால் இன்னும் ருசி. நோட்டில் ஒயினும் எழுதியிருந்தது. கொதித்தால் போய்விடும் என்பார்கள், முழுவதும் போகாது. பால் கொடுக்கிறவளுக்கு வேண்டாம் என்று ஒரு டீஸ்பூன் வினிகரோடு நிறுத்திக்கொண்டோம். அரை மணி கொதித்ததும் மிளகுப் பொடி. உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், சீஸிலும் உப்பு இருக்கிறது. ரத்த அழுத்தக்காரர்கள் சீஸையே குறைத்துக்கொள்வது உத்தமம்.

நேற்றைய ரொட்டியைத் தடிமனாக நறுக்கி மொறுமொறுவென்று காய வைத்து, சூப் கிண்ணத்தின் மேல் மிதக்கவிட்டு, துருவிய சீஸை மூடினாற்போல் தூவி, ஓவனில் மேல் சூட்டில் சீஸ் கொப்புளித்துப் பழுப்பாகும் வரை வைக்க வேண்டும். அங்கே க்ருயேர், கோந்த்தே என்ற சீஸ் வகைகள். நம் ஊரில் மொஸரெல்லாவோடு சாதாரண சீஸைக் கலந்து துருவிக்கொள்கிறேன். ஓவன் இல்லையா? ரொட்டியின் மேல் சீஸைத் தூவி, தோசைக்கல்லில் சிறு தீயில் மூடிவைத்து உருக்கி, அப்புறம் சூப்பில் மிதக்க விடுங்கள். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்த ஊர்ப் பழைய பாணி சீஸுக்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைமோர் சேர்ப்பார்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போதும் கவனம். மேலே சீஸ் ஆறினாலும் உள்ளே சூப் கொதித்துக்கொண்டே இருக்கும்.

போலந்தில் அரசராக இருந்த ஸ்தானிஸ்லாஸ், தன் மகளைப் பார்க்க வெர்சாய் போகிற வழியில் ஷாலோன் ஊர்ச் சத்திரத்தில் இந்த சூப்பைச் சாப்பிட்டு மயங்கி, உடுத்திய அங்கியோடு சமையலறைக்கே இறங்கிப் போய்ப் பக்குவம் கேட்டாராம். மகள் யார் தெரியுமா? 15-ஆம் லூயியின் பட்டத்து ராணி. 1873-இல் வெளிவந்த அலெக்சாந்தர் துமாவின் சமையல் அகராதியில் வருகிற கதை. உண்மையோ பொய்யோ, மகளைப் பார்க்கப் போகிறவர் சமையலறைக்குள் நுழைந்தார் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது.

அன்று அவள் இரண்டு கிண்ணம் குடித்தாள். சீஸ் நூல் நூலாக இழுபட, ஸ்பூனைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். நான் அந்த வீட்டில் பார்த்த முதல் சிரிப்பு. நானும் ஒரு கிண்ணம் குடித்தேன். மிளகு இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கலாம், சொல்லவில்லை.

அதன் பிறகு ஒருநாள் சூப், ஒருநாள் என் பத்தியம் என்று ஆயிற்று. லேகியத்தை நானாகவே உள்ளே வைத்துவிட்டேன். பூண்டுக் குழம்பு மட்டும் அவளுக்குப் பிடித்துப் போயிற்று. அழுகையும் இரண்டாம் வாரத்தோடு நின்றது. நான் கிளம்புகிற அன்று, நோட்டில் அவள் அம்மாவின் சூப்புக்கு அடுத்த பக்கத்தில் என் பூண்டுக் குழம்பை எழுதிக்கொண்டாள். எலுமிச்சங்காய் அளவு புளி என்று நான் சொல்ல, மகன் மொழிபெயர்க்க, பக்கத்திலேயே ஒரு எலுமிச்சம்பழப் படமும் போட்டாள்.

ஊர் வந்து பத்து நாள் இருக்கும். வீடியோவில் கூப்பிட்டாள். மடியில் பேத்தி, பின்னால் அடுப்பு. "அத்தே, குழம்பு..." என்று முகத்தைச் சுளித்துக் காட்டினாள். பல் கூசுகிற புளிப்பாம். கேட்டு விசாரித்ததில், அந்த ஊர் எலுமிச்சை அளவுக்குப் புளியைப் போட்டிருக்கிறாள். அங்கே அது நம் கைப்பிடி அளவு இருக்கும்! வாசலில் வைத்திருந்த கூடையிலிருந்து நம் ஊர் எலுமிச்சை ஒன்றை எடுத்து வந்து, போனுக்கு நேரே பிடித்துக் காட்டினேன்.