நீதி கேட்டு வரும் பேய்கள்

நள்ளிரவு கடந்து இறுதிப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிப் பழகிய பத்திரிகைக்காரனுக்கு உறக்கம் எளிதில் வாய்ப்பதில்லை. அந்த நேரத்தை இப்போது இணையவழித் திரைப்படங்களுக்குக் கொடுத்துவிட்டேன். அண்மைக் காலமாகப் பார்த்தவற்றுட் பெரும்பாலானவை பேய்ப்படங்கள். அவற்றுட் பாதி சிரிப்புப் படங்கள். இது விமர்சனம் அன்று. பார்த்தவன் ஒருவனின் மனப்பதிவு என்று கொண்டால் போதும்.

எங்கள் ஊரின் பெயர் பாலையூற்று. மரமும் நீரும் பெயரிலேயே இருக்கின்றன. பேய் குடியிருக்க வேறென்ன வேண்டும்? பாலை மரத்தில் முனி, ஒழுங்கை முடக்கில் மோகினி, பிள்ளை பெற்ற வீட்டைச் சுற்றும் கொத்தி என்று எங்கள் பாட்டிமார் பேய்களுக்கு வட்டாரம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். மின்சாரம் வந்தபோது அவற்றிற் பாதி போயின. யுத்தம் வந்தபோது மீதியும் போயின. இரவில் நாய் குரைத்தால் பேயை நினைத்தவர்கள் மனிதரை நினைக்கத் தொடங்கினார்கள். 2022 ஆம் ஆண்டு நாடெங்கும் பல மணி நேர மின்வெட்டு வந்தபோதுகூட அந்தப் பழைய பேய்கள் திரும்பி வரவில்லை.

திரும்பி வந்தது திரையில்தான். தமிழில் ராகவா லாரன்ஸின் 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) ஆகிய படங்கள் ஒரு வாய்பாட்டை வகுத்தன. முதற் பாதியிற் பயந்து சிரிக்க வேண்டும். இரண்டாம் பாதியில் பேயின் கதை கேட்டு அழ வேண்டும். முடிவில் பேய் பழிதீர்ப்பதைப் பார்த்துக் கைதட்ட வேண்டும். சுந்தர் சி.யின் 'அரண்மனை' 2014 இல் அதே தடத்தில் இறங்கியது. அதன் நான்காம் பாகத்தை (2024) அண்மையிற் பார்த்தேன். அசாமியரின் நாட்டார் கதைகளில் வரும் 'பாக்' என்னும் உருமாறும் நீர்ப்பேயைத் தமிழ்க் கிராமம் ஒன்றுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். யோகி பாபுவும் கோவை சரளாவும் வரும் இடங்களிற் சிரிப்புக் குறைவு, சத்தம் அதிகம். ஆனால், இறந்த பின்னும் தன் பிள்ளைகளைக் காத்து நிற்கும் தாயாகத் தமன்னா வரும் காட்சிகள் உண்மையிலேயே நெஞ்சைத் தொடுகின்றன.

'டிமான்டி காலனி'யின் இரண்டாம் பாகம் (2024) வேறு வகை. அஜய் ஞானமுத்து முதற்பாகத்தில் (2015) நான்கு நண்பர்களை ஓர் அறைக்குள் அடைத்து வைத்தே எங்களை நடுங்கச் செய்தார். இரண்டாம் பாகத்தில் இடமும் பணமும் கூடின, அச்சம் குறைந்தது. பேய்ப்படத்துக்கு மாளிகை தேவையில்லை. தாழிட்ட கதவு ஒன்று போதும்.

இந்த இலக்கணம் மலையாளிகளுக்கு நன்கு தெரிகிறது. 'ரோமாஞ்சம்' (2023) படத்தில் 2007 ஆம் ஆண்டின் பெங்களூரில் வேலைவெட்டி சரியாக இல்லாத ஏழு இளைஞர்கள், ஒரு வாடகை வீடு, ஒரு கரம் பலகை. அந்தப் பலகையில் எழுத்துகளை எழுதி ஆவியை அழைக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் வீட்டார் எழுந்து வந்துவிட்டார்கள். அச்சம் ஏறி ஏறி உச்சிக்கு வந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் வெளியேறும் பெருமூச்சே சிரிப்பு. ஜித்து மாதவன் அந்த மூச்சின் கணக்கு அறிந்தவர். இங்கே பேய் அடிப்பதுமில்லை, பறப்பதுமில்லை.

ராகுல் சதாசிவனின் 'பிரமயுகம்' (2024) சிரிக்க விடாது. 17 ஆம் நூற்றாண்டு மலபார். அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடிவரும் பாணன் ஒருவன் பாழடைந்த மனை ஒன்றுக்குள் நுழைகிறான். வீட்டுத் தலைவராக மம்மூட்டி. கறுப்பு வெள்ளைப் படம். பெரும்பகுதியில் மூன்றே மனிதர். பகடையாட்டத்தில் அந்தப் பாணன் பணயம் வைப்பது பொன்னையோ பொருளையோ அல்ல, தன் காலத்தை. உள்ளே வரக் கதவு திறக்கும். வெளியே போகத் திறவாது. அதிகாரம் என்னும் பேயை இத்தனை நேராக முகத்துக்கு முகம் காட்டிய படத்தை அண்மையில் நான் கண்டதில்லை.

டொமினிக் அருணின் 'லோகா' (2025) கள்ளியங்காட்டு நீலி என்னும் யட்சியைப் பெங்களூரில் நடமாட விட்டிருக்கிறது. நீலி எங்களுக்கும் உறவுதான். தன்னைக் கொன்ற வணிகனைத் தொடர்ந்து வந்து, பழையனூரில் வேளாளர் எழுபதின்மர் முன் வழக்குரைத்துப் பழி முடித்தவள் அவள். 'நீலகேசி' என்னும் சமண நூலில் அவளே தருக்கம் செய்யும் அறிவாட்டி ஆகிறாள். தமிழ்ப் பேய் தொடக்கத்திலிருந்தே வழக்காடும் பேய். பழையனூரிலிருந்து 'காஞ்சனா' வரை அது கேட்பது ஒன்றே. கொன்றவன் யார் என்பதை ஊர் அறிய வேண்டும்.

இங்கேதான் என் சிரிப்பு நின்றுவிடுகிறது, அன்பர்களே.

2006 ஜனவரி 2 ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்ததாகச் சொல்லப்பட்டது. தலையிற் பாய்ந்த துப்பாக்கிச் சூட்டின் காயங்களைப் படமெடுத்து உலகுக்குக் காட்டியவர் 'சுடர் ஒளி'யின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24 ஆம் திகதி காலை அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரையும் 2019 யூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் போதிய சான்றில்லை என்று விடுவித்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 முதல் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்தார்கள். 'இறந்தார்' என்று எழுதாமல் 'காணப்படவில்லை' என்று மட்டும் கூறும் சான்றிதழுக்கும் இந்நாட்டிற் சட்டம் செய்யப்பட்டது. இறந்ததாகவே ஏற்கப்படாதவர் பேயாக வருவதும் எப்படி? திரையில் இரண்டரை மணி நேரத்துக்குள் கிடைக்கும் நீதிக்காக மக்கள் ஏன் காசு கொடுக்கிறார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. அதை மலிவான பொழுதுபோக்கு என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

இறுதியாக ஒரு பரிந்துரை, குறிப்பாகப் புலம்பெயர்ந்த அன்பர்களுக்கு. றெமி வீக்ஸ் இயக்கிய 'ஹிஸ் ஹவுஸ்' 2020 இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. தென்சூடான் யுத்தத்துக்குத் தப்பி, கடலில் ஒரு சிறுமியை இழந்து இங்கிலாந்து சேரும் கணவன் மனைவி. அரசு ஒரு பழைய வீட்டைக் கொடுக்கிறது; விட்டுப் போகக்கூடாது என்று நிபந்தனையும் விதிக்கிறது. அந்தச் சுவருக்குள் பேய். வேறொரு படத்தில் என்றால் 'வீட்டை விட்டு ஓடுங்கள்' என்று நாம் கூவுவோம். இவர்கள் எங்கே ஓடுவது? கணவன் புதிய நாட்டின் உடையும் கரண்டியும் பழகப் பார்க்கிறான். மனைவி பழைய கதையை மறக்க மறுக்கிறாள். அந்த வீட்டில் நம்மவர் பலர் குடியிருந்திருக்கிறார்கள். மனைவியாக நடித்த வுன்மி மொசாகுவை 'சின்னர்ஸ்' (2025) படத்திலும் காணலாம்.

பிள்ளைகளோடு பார்ப்பதானால் 'அரண்மனை 4'. நண்பர்களோடு என்றால் 'ரோமாஞ்சம்'. தனியே, விளக்கணைத்துப் பார்க்க 'பிரமயுகம்'. 'ஹிஸ் ஹவுஸ்' படத்தை மட்டும் ஊரை விட்டு வந்த உங்கள் அம்மா அப்பாவோடு இருந்து பாருங்கள். படம் முடிந்ததும் உடனே எழுந்து போய்விட வேண்டாம். இதுவரை சொல்லாத ஏதாவது அவர்களிடம் இருக்கலாம்.