கதவு சாத்திய பிறகு

2001-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், வடபழனியில் ஒரு ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து அந்தப் படத்தை முதன்முதலாகக் கேட்டேன். பார்த்தேன் என்று சொல்ல முடியாது. டெலிபோன் லைனில் வந்த இன்டர்நெட் அது. தீப்பெட்டி அளவுச் சதுரத்தில் படம் நாலைந்து நொடி அசையும், பிறகு அப்படியே உறைந்துவிடும். ஆனால் ஒலி மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. ஒரு வேன் பக்கத்தில் உரசுவதுபோல் வருகிறது. யாரோ மிரட்டுகிறார்கள். ஒருவன் குரலை உயர்த்தாமல் பதில் சொல்கிறான். பிறகு துப்பாக்கிச் சத்தம், என்ஜின், டயர். ஹெட்ஃபோனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டேன். கார் எந்தப் பக்கம் திரும்புகிறது, ஓட்டுகிறவன் எப்போது முடிவெடுத்தான் என்பதெல்லாம் உறைந்துபோன படத்தின் துணையில்லாமலே தெரிந்தது. அப்போது நான் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளன். இரவெல்லாம் எஃபெக்ட்ஸ் டிராக்குகளை அடுக்கிக் கொடுப்பதுதான் வேலை.

அந்தப் படம் 'ஆம்புஷ்'. ஆறு நிமிடம்கூட முழுதாக இருக்காது. பிஎம்டபிள்யூ நிறுவனம் இணையத்துக்கென்றே தயாரித்த 'தி ஹயர்' வரிசையில் முதல் படம். 2001 ஏப்ரலில் வெளியானது. யூடியூப் பிறக்க இன்னும் நான்கு வருடம் இருந்தது. ஃபாலன் என்ற அமெரிக்க விளம்பர நிறுவனம் வகுத்த திட்டம். முதல் ஐந்து படங்களுக்கு டேவிட் ஃபிஞ்சர் நிர்வாகத் தயாரிப்பாளர். கிளைவ் ஓவன் எல்லாப் படங்களிலும் பெயரில்லாத டிரைவராக வருவார். கூலிக்கு வண்டி ஓட்டுகிறவர், அவ்வளவுதான். தொலைக்காட்சியில் காரைக் காட்டி விற்பதற்குப் பதிலாக, சினிமாவுக்கு வருவதுபோல் இந்தப் படங்களுக்கு டிரெய்லர் போட்டு ஆட்களை இணையத்துக்கு வரவழைத்தார்கள். 2002 வரை மொத்தம் எட்டுப் படங்கள், எட்டு இயக்குநர்கள்.

'ஆம்புஷ்' படத்தை இயக்கியவர் ஜான் ஃபிராங்கன்ஹைமர். 1966-இல் 'கிராண்ட் பிரீ' எடுத்தவர். அந்தப் படம் வாங்கிய மூன்று ஆஸ்கர்களில் இரண்டு ஒலிக்கு, ஒன்று படத்தொகுப்புக்கு. 1998-இல் 'ரோனின்' படத்தின் கார் துரத்தல்களை எடுத்தவரும் அவரே. கார் ஓடுவது ஒலியில் எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்த கை. இந்தக் குறும்படத்தில் ஒரு முதியவர் டிரைவரின் காரில் பயணம் செய்கிறார். வேனில் வந்த முகமூடிக்காரர்கள் வழிமறித்து, அந்த ஆளிடம் திருட்டு வைரம் இருக்கிறது, ஆளை ஒப்படை என்கிறார்கள். வைரங்களை விழுங்கிவிட்டேன் என்கிறார் பெரியவர். அதாவது ஒப்படைத்தால் வயிற்றைக் கிழிப்பார்கள். டிரைவர் அதைக் கேட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறான். துரத்தல் அதற்குப் பிறகுதான். நான் பல வருடம் திரும்பத் திரும்பக் கேட்டது துரத்தலை அல்ல, அதற்கு முந்தைய அந்தச் சில விநாடிகளை. வெளியே சாவு நிற்கிறது, உள்ளே இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள்.

கார் என்பது கதவு சாத்தியதும் ஓர் அறையாகிவிடுகிறது. கார் படம் எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மிக்ஸிங் மேடையில் இந்த அறையை எப்படிக் கட்டுகிறோம் என்று சொல்கிறேன். கார் வெளியே நிற்கும்போது தெருவின் எல்லா ஒலியும் திறந்து கிடக்கும்: ஹாரன், காற்று, யாரோ கூப்பிடுவது. கதவு சாத்துகிற ஃப்ரேமில் அந்த ஒலிகளின் கூர்மையான மேல்பகுதியை நறுக்கிவிடுவோம். அடியில் இருக்கிற உறுமலை மட்டும் மெல்லியதாக விட்டுவைப்போம். கண்ணாடிக்கு வெளியே உலகம் தண்ணீருக்கடியில் போனமாதிரி ஆகும். பிறகு உள்ளே சின்னச் சின்னதாக வைக்க வேண்டும். சீட் தோல் முனகுவது, சட்டை பெல்ட்டில் உரசுவது, எச்சில் விழுங்குவது. இவற்றை ஃபோலி அறையில் ஒருவர் படத்தைப் பார்த்துக்கொண்டே கையால் செய்வார். கதவு சாத்துகிற அந்த 'தப்' சத்தத்துக்கு மட்டும் நான் அரை நாள் செலவழித்திருக்கிறேன். கார் கம்பெனிகளிலும் அந்தச் சத்தத்துக்கென்றே பொறியாளர்கள் உட்கார்ந்து பூட்டின் அமைப்பையும் தகட்டின் அதிர்வையும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஷோரூமுக்கு வருகிறவர் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் கதவைத்தான் சாத்திப் பார்ப்பார்.

கார் ஒலியைப் பதிவு செய்வதும் ஒரு தனி வேலை. பானெட்டுக்குள் ஒரு மைக், ஃபேன் காற்று படாத மூலையாகப் பார்த்து. சைலன்சர் பக்கத்தில் ஒன்று, அது பெரிய அழுத்தத்தைத் தாங்கக்கூடிய டைனமிக் மைக்காக இருக்க வேண்டும். பின் டயர் வளைவுக்குள் ஒன்று. கேபினுக்குள், டிரைவரின் காது உயரத்தில் ஒரு ஜோடி. சாலையோரம் ஒருவர் நின்று கடந்துபோகிற ஒலியைத் தனியாகப் பிடிப்பார். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒருமுறை விடிவதற்கு முன்பே இப்படி ஒரு வண்டியைக் கட்டி முடித்தோம். மூன்றாவது சுற்றிலேயே சைலன்சர் மைக்கின் பஞ்சு உறை கருகிப் புகைந்தது. எல்லாவற்றையும் அவிழ்த்துக் கட்டுவதற்குள் வெயில் வந்துவிட்டது. ஓட்டியவர் முப்பது வருடம் சினிமாவுக்கு வண்டி ஓட்டியவர். அவரிடம், "அண்ணே, அடுத்த திருப்பத்துல டயர் நல்லாக் கத்தணும்" என்றேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "தம்பி, டயர் கத்துதுன்னா வண்டிக்கு ரோடு பத்தலைன்னு அர்த்தம். நல்லா ஓட்டுறவன் வண்டி கத்தாது. சினிமாவுக்காகத்தான் கத்த வைக்கிறோம்."

அன்றிலிருந்து டயர் சத்தத்தை நான் சிக்கனமாகத்தான் வைக்கிறேன். மண் ரோட்டில் வண்டி திரும்பும்போதுகூட நம் படங்களில் டயர் கிறீச்சிடும். மண்ணில் டயர் கிறீச்சிடாது. காய்ந்த தார் வேண்டும். 'புல்லிட்' படத்தில், 1968-இல், சான் பிரான்சிஸ்கோ மேடுகளில் நடக்கும் துரத்தலைக் கேட்டுப் பாருங்கள். இசையமைப்பாளர் லாலோ ஷிஃப்ரின் துரத்தல் சூடு பிடிக்கும் இடத்தில் இசையை நிறுத்திவிட்டார். அப்புறம் இரண்டு என்ஜின்கள் மட்டும்தான் பேசுகின்றன. தன் இசையை விலக்கிக்கொள்ள அவருக்கு இருந்த மனதை நினைத்து ஒவ்வொரு முறையும் வணங்குகிறேன்.

பொய்யான ஒலி எப்போதும் தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். குளோத் லெலூஷ் 1976-இல் எடுத்த 'ரான்டேவூ' படத்தைக் கார் பைத்தியங்கள் எல்லோரும் அறிவார்கள். விடிகாலைப் பாரிஸ் வழியாக ஒரே ஷாட்டில், எட்டு நிமிடம், சிக்னல்களில் நிற்காமல் ஒரு கார் பாய்கிறது. கேமரா கட்டியிருந்தது ஒரு மெர்சிடிஸ் 450 எஸ்இஎல் 6.9. ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட, சொகுசான பெரிய வண்டி. நாம் கேட்பதோ ஃபெராரி 275 ஜிடிபி ஒன்றின் ஐந்து கியர்களும் மாறும் ஒலி. ஒலியைப் பின்னால் சேர்த்தார்கள். அது விளம்பரமல்ல, எந்தக் கம்பெனியும் காசு கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தப் படத்தின் வேகம் முழுக்க ஒலியில்தான் இருக்கிறது. அதில் நமக்குத் தெரியாத ஒருவன் எங்கோ போக அவசரப்படுகிறான், அந்த அவசரம் உண்மை. ஒலி அந்த அவசரத்துக்கு உண்மையாக இருக்கிறது. கடைசியில் ஒரு பெண் படியேறி வரும்போது ஏன் ஓடினான் என்று தெரிந்துவிடுகிறது.

'தி ஹயர்' வரிசையில் என் மனதுக்கு மிக நெருங்கிய படம் வோங் கார்-வாய் இயக்கிய 'தி ஃபாலோ'. அதில் துரத்தலே கிடையாது. ஒரு நடிகன் தன் மனைவியைச் சந்தேகிக்கிறான்; அவளைப் பின்தொடர அவனுடைய மேலாளர் டிரைவரை அமர்த்துகிறார். டிரைவரின் குரல் நமக்குத் தொழில் ரகசியம் சொல்லிக்கொண்டே வருகிறது: எவ்வளவு தூரம் விட வேண்டும், கண்ணாடியில் தெரியாத மூலையில் எப்படி ஒதுங்க வேண்டும், காத்திருப்பது எப்படி. அதிரடிப் படங்களின் வரிசையில் காத்திருப்பதைப் பற்றி ஒரு படம்! விமான நிலையத்தில் அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது டிரைவர் அருகில் போய்ப் பார்க்கிறான். கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அடிபட்ட கண். திரும்பி வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். இந்தப் படத்தில் கார் எதையும் ஜெயிக்கவில்லை. அது ஒருவன் யோசிப்பதற்கான இடமாக மட்டும் இருக்கிறது. அதைப் பார்த்து முடித்ததும் எனக்கு அந்தக் காருக்குள் உட்கார வேண்டும்போல் இருந்தது. எத்தனையோ என்ஜின் உறுமல்கள் அந்த ஆசையை எனக்குத் தந்ததில்லை.

இன்யாரிட்டுவின் 'பவுடர் கெக்' இன்னும் ஒரு படி போகிறது. ஒரு படுகொலையைப் படமெடுத்த போர்ப் புகைப்படக்காரர் குண்டடிபட்டுப் பின்சீட்டில் கிடக்கிறார். எல்லையைத் தாண்ட வேண்டும். டிரைவர் தாண்டிவிடுகிறான். ஆனால் அவர் செத்துவிடுகிறார். அவருடைய கழுத்துத் தகட்டை எடுத்துக்கொண்டு அவர் தாயைத் தேடிப் போகிறான் டிரைவர். தாய்க்குக் கண் தெரியாது. தன் வண்டியால் காப்பாற்ற முடியாத ஒரு மனிதனைப் பற்றிக் கதை சொல்ல ஒரு கார் கம்பெனி காசு கொடுத்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு தீரவில்லை. ஆங் லீயின் 'சோஸன்' படத்தில் துரத்தலே நடனமாக அமைந்திருக்கும். துறைமுகத்தில் ஒரு குட்டித் துறவியை ஏற்றிக்கொண்டு கார் வளைந்து வளைந்து போகும். அதில் டிரைவரின் காதில் குண்டு உரசிவிடும். ஒலிக்காரனான நான் அந்தக் காயத்தை வேறு விதமாகத்தான் பார்க்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கை ரிச்சியின் 'ஸ்டார்' மடோனாவை வைத்து எடுத்த ஜாலியான படம். 2002-இல் வந்த மூன்றில், டோனி ஸ்காட்டின் 'பீட் தி டெவில்' ஜேம்ஸ் பிரவுனையும் சாத்தானையும் பந்தயத்தில் மோதவிடுகிறது. 2016-இல் நீல் பிளோம்காம்ப் இயக்கி, அதே கிளைவ் ஓவனோடு 'தி எஸ்கேப்' வந்தபோது படம் உறையாமல் பளிங்குபோல் ஓடியது. ஆனால் மனதில் ஒட்டவில்லை. அதற்கு முன்பே, 2013-இல், ஜாகுவார் நிறுவனமும் டேமியன் லூயிஸை வைத்து 'டிசையர்' என்ற குறும்படம் எடுத்தது. அதிலும் வண்டி அழகு, வறண்ட நிலம் அழகு. வண்டிக்குள் இருக்கிறவர் யார் என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கார் ஓர் அறை என்ற நம்பிக்கையோடு நான் செய்த ஒரு வேலை பாழான கதையும் உண்டு. ஒரு கார் விளம்பரக் குறும்படம். கணவனும் மனைவியும் இரவில் சண்டை போட்டுக்கொண்டே மலை இறங்குகிறார்கள். சண்டை நின்று இருவரும் மௌனமாகும் இடத்தில் என்ஜினை நன்றாகத் தாழ்த்தி, வைப்பர் ஓடுவதை மட்டும் விட்டிருந்தேன். பிரிவியூவில் கிளையன்ட் தரப்பிலிருந்து ஒருவர், "சார், வண்டி எங்கே? பவர் கேக்கலையே" என்றார். என்ஜினை ஆறு டெசிபல் ஏற்றினோம். பிறகு இன்னும் மூன்று. மௌனம் போனது. அதோடு அந்தப் பெண் ஏன் கணவனின் தோளில் கை வைக்கிறாள் என்பதும் போய்விட்டது. படம் வெளியானபோது நான் பார்க்கவில்லை.

இப்போது என்ஜினே இல்லாத வண்டிகள் வந்துவிட்டன. மெதுவாகப் போகும்போது பாதசாரிகளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக ஐரோப்பாவில் 2019 முதல் புதிய மின்கார் வகைகளுக்குச் செயற்கை ஒலி கட்டாயம். பிஎம்டபிள்யூ தன் மின்கார்களின் ஒலிக்கு ஹான்ஸ் ஜிம்மரையே அழைத்துக்கொண்டது. போன மாதம் நான் ஒரு மின்கார் படத்துக்கு ஒலி வடிவமைத்தேன். பானெட்டுக்குள் மைக் வைக்க அவசியமே இல்லை. கேபின் மைக்கில் ஓட்டியவரின் மூச்சு அவ்வளவு தெளிவாக வந்தது. சரளைக்கல் ஒன்று வண்டியின் அடியில் பட்டுத் தெறித்தது. சீட் பெல்ட் விலகிச் சுருளும் ஒலி, விரல் ஸ்டியரிங்கைத் தட்டும் ஒலி.

கடைசிக் காட்சியில் மகள் அப்பாவை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். இயக்குநர் அங்கே பியானோ கேட்டிருந்தார். ஓரங்கட்டும்போது போட்ட இண்டிகேட்டரை அவள் அணைக்கவில்லை என்பதை நான்காவது முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன். இப்போதைய வண்டிகளில் அந்த டிக்-டிக் ரிலேயிலிருந்து வருவதில்லை, ஸ்பீக்கரில் ஒலிக்கவைக்கிறார்கள். என்னிடம் பழைய அம்பாசடர் ஒன்றின் ரிலே ஒலி இருந்தது. சற்றுக் கட்டையாக, மரத்தில் நகம் படுவதுபோல். அதைத்தான் வைத்தேன். அவள் கதவைத் திறக்கும்வரை அது மட்டும் ஓடுகிறது, இருபத்திரண்டு விநாடி. இயக்குநர் ஒருமுறை கேட்டார். மறுபடியும் போடச் சொன்னார். பியானோவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.