பெயரை மறைத்துவிட்டு வாசியுங்கள்

கல்வியியற் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள் சிலர் சொந்தமாக ஆய்விதழ் தொடங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். அவர்களுக்காக இந்த நீண்ட பதிவு.

முதலில், ஆண்டு மலர் வேறு, ஆய்விதழ் வேறு. மலரில் பீடாதிபதியின் ஆசிச் செய்தியிலிருந்து பின்னட்டை நகைக்கடை விளம்பரம் வரைக்கும் எல்லாருக்கும் இடமுண்டு. வந்த கவிதையைத் திருப்பிக் கொடுத்தால் முகம் வாடிவிடும். ஆய்விதழில் திருப்பிக் கொடுப்பதுதான் வேலையே. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்து, "இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

எங்கள் காலத்தில் ஐந்து பேர் சேர்ந்து இப்படி ஒன்று நடத்தினோம். பாடத்துக்காகச் செய்கிற சிறு ஆய்வுகள் புள்ளி கிடைத்ததும் அலுமாரிக்குள் போய்விடும். அதற்குப் பிறகு கறையான்தான் வாசகர். அவற்றை வெளியே எடுப்பதுதான் எங்கள் நோக்கம்.

ஒவ்வொரு கட்டுரையையும் பெயரை மறைத்து இரண்டு பேருக்குக் கொடுத்தோம். உலகமெங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் மலையகத்தில் அதற்கு வேறொரு பெறுமதி உண்டு. இங்கே பெயரைப் பார்த்தாலே ஆள் யார், எந்தப் பக்கம், சில நேரம் எந்தத் தோட்டம் என்பதுகூடத் தெரிந்துவிடும். "பாவம், தோட்டத்துப் பிள்ளை" என்று விட்டுக்கொடுப்பதும் அவமதிப்பு. "முஸ்லிம் பிள்ளைக்கு லயத்தைப் பற்றி என்ன தெரியும்" என்பதும் அவமதிப்பு. இரண்டாவதை நானே கேட்டிருக்கிறேன். பெயர் இல்லாவிட்டால் எழுத்தை மட்டும்தான் பார்க்க முடியும். (முழுசாக மறையாது. "மறுகா" என்று ஒரு சொல் விழுந்தால் ஆள் கிழக்கு என்று பிடித்துவிடுவோம்!)

ஒரு கட்டுரை, தோட்டப் பாடசாலையில் வரவு குறைவதற்குக் காரணம் "பெற்றோரின் அக்கறையின்மை" என்று முடிந்திருந்தது. வாசித்தவர் ஓரத்தில் எழுதினார்: "எந்தெந்த நாட்களில் வரவில்லை? இடாப்பைப் பார்த்தீர்களா?" எழுதியவருக்குக் கோபம். இரண்டு நாள் பேசவே இல்லை. பிறகு போய் இடாப்பைத் திகதி வாரியாக எடுத்தார். பிள்ளை மடுவம் மூடியிருந்த நாட்களில்தான் மூத்த பெண்பிள்ளைகள் வந்திருக்கவில்லை. அம்மா கொழுந்துக்குப் போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? இரண்டாவது தடவை வந்த கட்டுரையில் "அக்கறையின்மை" என்ற சொல் இல்லை. 1823இலிருந்து இந்த மக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிக் குவித்ததில் இப்படி எத்தனை சொற்கள் இடாப்பைப் பார்க்காமல் விழுந்தனவோ.

அடுத்த சிக்கல், கைமாற்றம். கல்லூரியில் தங்கிப் படிப்பது இரண்டு வருடம். மூன்றாம் வருடம் கட்டுறுப் பயிற்சிக்கு ஆளுக்கொரு பாடசாலை. ஆசிரியர் குழு வேலை பழகி முடியும்போது கல்லூரியில் இருக்க மாட்டீர்கள். எங்களுடையது மூன்று இதழோடு நின்றது.

நின்றுபோவதுதான் விதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஹார்வர்ட் லோ ரிவியூ 1887இலிருந்து மாணவர்களால் நடத்தப்படுகிறது. குழு வருடாவருடம் மாறுகிறது. 1990இல் அதற்குத் தலைவராக வந்த மாணவர்தான் பராக் ஒபாமா. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. மலையிறங்கினால் பேராதனை. அங்கே பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் "இளங்கதிர்", கைலாசபதி, சிவத்தம்பி போன்றவர்கள் மாணவராக இருந்த 1950களிலும் வந்தது, அவர்கள் போன பிறகும் வந்தது. பழைய இதழ்கள் நூலகம் இணையத்தளத்தில் இருக்கின்றன. ஒரு இரவு உட்கார்ந்து புரட்டிப் பாருங்கள்.

ஆகவே முதல் இதழிலேயே முதலாம் வருடப் பிள்ளைகள் இரண்டு பேரைக் குழுவில் சேருங்கள். தேநீர் ஊற்ற அல்ல, கட்டுரையைத் திருப்பி அனுப்புகிற கடிதத்தை எழுத. அந்தக் கடிதம் எழுதுவதுதான் கஷ்டம். மற்றதெல்லாம் ஹட்டன் டவுனில் போட்டோகொப்பிக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். காசு பிரச்சினை என்றால் நாற்பது பக்கம் போதும். வாசிக்க ஆள் தேவைப்பட்டால் எனக்கு அனுப்புங்கள், பெயரை அழித்துவிட்டு.