பேரில் மலை, கரையில் கடல்

எமது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. வழுக்கியாறு என்று ஒன்றுண்டு. மாரி மழைக்கு அராலிப் பக்கமாகக் கடலுக்கு ஓடும். கோடையில் அதை ஆறு என்று காட்டினால் வெளியூரார் சிரிப்பார்கள். மலையருவியில் குளிக்க ஆசை வந்தால் பதுளை, நுவரெலியாப் பக்கம் போக வேண்டும். தனியே பிள்ளைகளை வளர்க்கும் பெண்களுக்கு அந்தச் செலவும் கட்டாது, நேரமும் கிடைக்காது. எங்கள் குழுவினர் சென்ற சித்திரையில், பேரிலாவது மலை இருக்கும் கீரிமலைக்குப் போனோம்.

மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை தாண்டி மாவிட்டபுரத்தில் திரும்பினால் கடற்காற்று வந்துவிடும். எமது நிலத்தின் கீழ் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளால் இறங்கி, கீழாலேயே கடலை நோக்கிப் போகிறது. கரையில் அது வெளிவரும் இடங்களில் ஒன்றுதான் கீரிமலை. எங்கள் ஆறு நிலத்துக்குக் கீழே ஓடுகிறது என்று சொல்லலாம்.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த பின் இந்தப் பகுதி நீண்டகாலம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. 2009இல் போர் முடிந்த பின்னரே சனங்கள் பயமில்லாமல் வந்துபோகத் தொடங்கினர். எங்களோடு வந்த இளம்பெண்கள் சிலருக்கு இதுவே முதல் தடவை.

பெண்களின் கேணி ஆண்களுடையதிலும் சிறியது, சுற்றிவர மதில். ஆண்கள் குளித்துக்கொண்டே கடலைப் பார்க்கலாம். எங்களுக்கு வானம் மட்டுந்தான். (ஏன் இப்படி என்று கட்டியவர்களைக் கேட்க வேண்டும்.) ஆனாலும் அந்த மதில் இல்லாவிட்டால் எம்மவரில் பாதிப்பேர் குறுக்குக்கட்டுடன் இறங்கியிருக்கமாட்டார்கள். குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியின் கதையை ஓர் ஆச்சி சொல்ல, "எங்கடை முகமும் மாறுமோ?" என்று ஒருத்தி கேட்க, ஒரே சிரிப்பு.

ஒருவர் மட்டும் மேற்படியிலேயே இருந்தார். அவருடைய கணவர் 2009இல் காணாமற்போனவர். இன்றுவரை தகவலில்லை.

"தங்கச்சி, அந்தியேட்டிக்குத்தானே இஞ்சை வாறது? நான் தலை முழுகினால் அவரை முழுகினமாதிரி ஆகிவிடாதோ?"

ஆச்சி திரும்பிப் பார்த்தார். "ஐயரில்லை, எள்ளுத்தண்ணியில்லை. இது சும்மா குளிப்புப் பிள்ளை."

அவர் பதில் பேசவில்லை. இறங்கச் சொல்லவும் வேண்டாமென்று தடுக்கவும் எமக்கு உரிமையில்லை என்று நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தின் பின் கூந்தலை உச்சியில் கொண்டையாக இறுக்கி முடிந்துகொண்டு மெல்ல இறங்கினார். தலை நனையாமல் கழுத்தளவு நீரில் கண்ணை மூடி நின்றார். அதைப் பார்த்த வேறு இருவரும் தங்கள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

போக விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஆடி அமாவாசையன்று சனம் நிறைந்துவிடும், சாதாரண கிழமை நாளில் காலையிலேயே போங்கள். சோறு கட்டிக்கொண்டு போனால் செலவு பஸ் காசு மட்டுந்தான். படிகளில் பாசி வழுக்கும், சிறுபிள்ளைகளின் கையை விடாதீர்கள்.