செஞ்சியில் ஒரு வானொலிக் கம்பம்

செஞ்சி என்றதும் தமிழர் நெஞ்சில் முதலில் வந்து நிற்பவன் தேசிங்குராசன்தான். கதைப்பாடல்களும் கூத்துகளும் அவனை அப்படி நிறுத்தியிருக்கின்றன. ஆனால் இவ்வூரிலேயே வாழ்ந்து, ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் சந்திரகிரியையும் நாள்தோறும் காண்கிற எங்களுக்கு வேறு இரண்டு செய்திகளே அடிக்கடி நினைவுக்கு வரும். 1690இல் தொடங்கிய மொகலாயர் முற்றுகையை இக்கோட்டை எட்டாண்டுகள் தாங்கி நின்று, 1698இல்தான் பணிந்தது. அதே கோட்டை 1750இல் பிரெஞ்சுத் தளபதி புசியின் படையிடம் ஒரே இரவில் வீழ்ந்தது. மலை அதே மலை. மதில் அதே மதில். திருக்குறளின் 'அரண்' அதிகாரம் கோட்டையின் உயரத்தையும் அகலத்தையும் திண்மையையும் சொல்லிவிட்டு, எத்துணைச் சிறப்புடைய அரணாயினும் செயல்திறம் இல்லாதாரிடத்து அது இல்லாததற்கே சமம் என்று முடிகிறது.

கோட்டைக்குச் சொன்ன இக்கருத்து ஒரு வானொலிக் கம்பத்திற்கும் அப்படியே பொருந்தும் என்பதைச் சில ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். அதையே வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாங்கள் என்பது தமிழும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியர் மூவர், மாணவர் சிலர், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். எங்களைச் சேர்த்து வைத்தது அமெச்சூர் வானொலி. ஹாம் வானொலி என்றும் சொல்வர். நடுவண் அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்ற தனிமனிதர்கள், வணிக நோக்கமின்றி, தங்கள் சொந்தக் கருவிகளால் ஒருவரோடொருவர் வானலையில் பேசிக்கொள்வது இது. தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் உண்டு. முகம் தெரியாதவரோடு குரல் ஒன்றையே கொண்டு உறவாடுவது தமிழ் படித்தவனுக்கு அயலான செயலன்று என்பதே எங்கள் விடை.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு தொன்மையும் உண்டு. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று நிறுவிய சென்னை மாகாண வானொலிக் கழகம், அவ்வாண்டு ஜூலை 31 அன்று தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆர்வலர் சிலர் கூடிச் செய்த முயற்சி அது. 1927இல் பணமுடையால் அக்குரல் நின்றுபோனது. பின்னர் சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பை மீண்டும் தொடங்கியது. தொடங்குவதற்கு ஆர்வம் போதும். தொடர்வதற்கு அது மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று.

ஆர்வலர்களின் ஆன்டெனா நாட்டுக்கு என்ன பயன் தரும் என்பதை 2004 டிசம்பர் காட்டியது. ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானின் போர்ட் பிளேருக்குச் சென்று, உலகெங்குமுள்ள ஆர்வலர்களோடு பேசிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் அத்தீவுகளிலிருந்து ஒலித்த அமெச்சூர் குரல் அது. டிசம்பர் 26 காலை நிலம் நடுங்கிற்று, ஆழிப்பேரலை எழுந்தது, தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அதுவரை பொழுதுபோக்காக இயங்கிய நிலையம் அக்கணமே அவசரச் செய்தி நிலையமாயிற்று. தீவுகளில் சிக்கியோரின் நலச்செய்திகள் அதன்வழியே தாயகத்தை அடைந்தன. அந்த நாளில் ஒரு கம்பம் சாய்ந்து கிடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

இனி எங்கள் கம்பத்துக்கு வருவோம். பன்னிரண்டு மீட்டர் உயரம், ஜி.ஐ. குழாய்களை ஒன்றனுள் ஒன்று செருகியது. இடம் தேர்வதே முதற்சிக்கலாக இருந்தது. உயரம் கூடினால் அலை தொலைவு செல்லும் என்று படித்திருந்த மாணவர்கள், கோட்டையை ஒட்டிய பாறை ஒன்றைக் காட்டினார்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர்வரை எதையும் எழுப்பத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர்வரை முன்னனுமதி வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியிருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, அந்த மலையின் விளிம்புக்கோட்டில் நம் கையால் ஓர் இரும்புக் குழாயை நிறுத்த எங்களுக்கே மனம் வரவில்லை. திண்டிவனம் சாலைப் பக்கம், நண்பர் ஒருவரின் மணிலாக் கொல்லையில் இடம் கிடைத்தது.

அங்கும் பெரியவர் உடனே ஒப்பவில்லை. கொல்லையின் ஓரமாக மின்கம்பி ஒன்று சென்றது. அது எட்டித்தானே இருக்கிறது என்று மாணவர்கள் சொன்னபோது அவர் சொன்னார்: "கம்பம் நிக்கும்போது எங்க இருக்குன்னு பாக்காதீங்க தம்பி. வுழுந்தா எங்க படுக்கும்னு பாருங்க." ஆன்டெனா வேலையில் உயிரைக் குடிப்பவற்றுள் முதன்மையானது மின்கம்பிதான். கம்பமும் அதன்மேல் ஆன்டெனாவும் சேர்ந்து எவ்வளவு உயரமோ, அதன் ஒன்றரை மடங்கு தொலைவுக்குள் எந்த மின்கம்பியும் இருத்தல் கூடாது என்பது உலகெங்கும் ஆர்வலர்கள் கைக்கொள்ளும் கணக்கு. எங்களுக்கு அது இருபது மீட்டர். பெரியவர் இருபது மீட்டர்க் கயிறு ஒன்றை அறுத்து, முனையில் சிவப்புத் துணி கட்டி, அடிப்புள்ளியிலிருந்து சுற்றி வந்தார். மின்கம்பியைச் சிவப்புத் துணி எட்டாத இடம் கிடைக்கும்வரை அடிப்புள்ளி மூன்றுமுறை இடம் மாறியது.

கம்பத்தை நிறுத்துவது அதன் அடி என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதை நிறுத்துபவை ஸ்டே கம்பிகள். மூன்று திசைகளில், சமமான கோணத்தில், கம்பத்தின் உயரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தள்ளி முளைகளை அமைத்தோம். நடுவுயரத்தில் ஓர் அடுக்கு, உச்சிக்குக் கீழே ஓர் அடுக்கு என ஆறு கம்பிகள். கம்பியை மடக்கிக் கிளாம்ப் போடுகையில், அதன் அகன்ற பிடி சுமை தாங்கும் கம்பியின்மேல் அமர வேண்டும். 'யு' வளைவு வெட்டுமுனைப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் சுமை தாங்கும் கம்பியையே அது நசுக்கும். இறுக்கம் தரும் டர்ன்பக்கிள் காற்றின் அதிர்வில் தானே கழன்று வராதபடி, அதன் துளைகளில் ஒரு மெல்லிய கம்பியை ஓட்டிப் பூட்டினோம்.

மின்வாரியக் கம்பங்களின் ஸ்டே கம்பியில் முட்டை வடிவில் ஒரு பீங்கான் தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதனூடே செல்லும் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொடாமல், ஆயினும் ஒன்றன் வளையத்துள் மற்றொன்று நுழைந்தவாறு கட்டப்படுகின்றன. பீங்கான் நொறுங்கினாலும் இரண்டு வளையங்களும் கோத்துக்கொள்ளும், கம்பம் விழாது. பழுதுபடும் வேளையிலும் காப்பாற்றும்படி வகுக்கப்பட்ட ஒரு சிறு பொருள்! எங்கள் கம்பிகளிலும் அதையே கோத்தோம்.

ஏறுவதைப் பற்றி எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. இளைஞர்களுக்கு உயரம் ஓர் அறைகூவல். முடிவில், ஏற வேண்டிய தேவையே இல்லாதபடி கம்பத்தை அமைப்பதென்று உறுதிசெய்தோம். அடித்தட்டில் கீல் வைத்து, கப்பிக் கயிற்றால் முழுக் கம்பத்தையும் தரைக்குச் சாய்த்துவிடலாம். எல்லா வேலையும் நெஞ்சுயரத்தில் முடியும். சாய்க்கையிலும் நிமிர்த்துகையிலும் கட்டளையிடும் குரல் ஒன்றே. கம்பம் விழக்கூடிய வட்டத்துக்குள் ஒருவரும் நிற்பதில்லை.

பெரிய கோபுரங்களில் ஏறியே ஆக வேண்டியவர்கள் உண்டு. அவர்களுக்கு இடுப்புப் பட்டை மட்டும் போதாது. தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழுவுடற் கவசப்பட்டை வேண்டும். இரண்டு கொக்கிக் கயிறுகள் வேண்டும். ஒன்றை மாட்டிய பின்னரே மற்றொன்றைக் கழற்றலாம். கீழே டிரான்ஸ்மிட்டர் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். தனியே ஏறுதல் ஆகாது. விழுந்து பட்டையில் தொங்குபவரை விரைவில் இறக்காவிட்டால், தொங்குவதே அவர் உயிருக்கு ஊறாகும். ஆதலின் இறக்கும் வழியை ஏறுமுன்னரே வகுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது இடி. செஞ்சியின் நிலம் பாறை. எர்த் கம்பியை ஆழமாக அடிக்க முயன்றால் சில அடிகளிலேயே கல் தடுத்துவிடுகிறது. பாறை மின்னோட்டத்தை எளிதில் ஏற்பதுமில்லை. எனவே ஆழத்துக்குப் பதிலாக அகலத்தை நாடினோம். கம்பத்தின் அடியிலிருந்து பல திசைகளில் செம்புப் பட்டைகளை மேல்மண்ணில் புதைத்துப் பரப்பினோம். கொல்லை வீட்டின் எர்த்தையும் அதனோடு இணைத்தோம். இரண்டும் தனித்தனியே இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும் மின்னல் இடையிலுள்ள கருவியையும் அதன்மேல் கைவைத்திருப்பவரையும் பாதையாகக் கொள்ளும். இவ்வளவு செய்தும் நேர் மின்னலுக்கு உறுதி சொல்ல யாராலும் ஆகாது. வானம் கறுத்தால் கேபிளைக் கழற்றிச் சன்னலுக்கு வெளியே விட்டுவிடுவதே எங்கள் வழக்கம்.

உண்மையான சோதனை 2024 நவம்பர் இறுதியில் வந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை நோக்கி வந்துகொண்டிருந்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூரையும் புதுவையையும் சிதைத்ததைக் கண்டவர்கள் நாங்கள். காற்றின் விரைவு இரு மடங்கானால் அதன் தாக்கம் நான்கு மடங்காகும். நவம்பர் 29 அன்று கம்பத்தை இறக்கிவிடுவோம் என்றார் பெரியவர். மாணவர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. "ஐயா, புயல் நேரத்துக்குத்தானே நாம ரேடியோவே வச்சிருக்கோம்? அந்த நேரம் பாத்து எறக்கச் சொல்றீங்களே!" என்றார். கேள்வியில் நியாயம் இருந்தது. எந்நாளுக்காகக் கம்பத்தை நட்டோமோ அந்நாளிலேயே அதைப் படுக்கவைப்பதென்றால், பின் எதற்காக நட்டோம்?

விடையை இயற்பியல் நண்பர் தந்தார். ஏழு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஏறத்தாழ இருபது மீட்டர் நீளமுள்ள கம்பி ஒன்று போதும். அதைத் தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்திலேயே கட்டினால், அலை பெரிதும் நேர்மேலே சென்று, பகலில் அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டு, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குக் குடைபோல் இறங்கும். பேரிடரில் நாம் பேச வேண்டியது அடுத்த மாவட்டத்தோடுதான். அதற்கு உயரம் தேவையில்லை. நாற்பது நிமிடத்தில் கம்பத்தைச் சாய்த்தோம். வேப்பமரத்துக்கும் சுவரின் கொக்கிக்கும் இடையே கம்பியைக் கட்டினோம். மரம் ஆடும்போது கம்பி அறுந்துவிடாமலிருக்க, மரப்பக்கத்துக் கயிற்றைக் கப்பி வழியே இறக்கி ஒரு கல்லைத் தொங்கவிட்டோம். மரம் சாய்ந்தால் கல் ஏறும், நிமிர்ந்தால் இறங்கும். கம்பி எப்போதும் ஒரே இறுக்கத்தில் நிற்கும்.

நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்றுவிட்டது. எங்களுக்கு அண்மையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. சங்கராபரணி கரைபுரண்டது. மின்சாரம் போனது. பகல் நேரத்தில் கார் பேட்டரியில், இடி இல்லாத வேளை பார்த்து, அந்தத் தாழ்ந்த கம்பியில் வெளிமாவட்ட நிலையங்களோடு பேசினோம். எந்தச் சாலை மூழ்கியது, எங்கே மழை விட்டது என்னும் அளவிலான செய்திகளே அவை. பெருஞ்செயல் எதையும் செய்ததாகச் சொல்லமாட்டோம். ஆனால் குரல் நிற்கவில்லை.

வெள்ளம் வடிந்தபின் கொல்லைக்குச் சென்றோம். கம்பம் கிடத்தியபடியே கிடந்தது. கீழண்டை முளையைச் சுற்றியிருந்த மண்ணை ஓடிய நீர் முழுவதுமாக அரித்துச் சென்றிருந்தது. கையால் அசைத்தால் முளை ஆடிற்று. கம்பம் நின்றிருந்தால் அந்தப் பக்கத்து இரு கம்பிகளும் ஒன்றையும் பிடித்திருக்க மாட்டா. கேள்வி கேட்ட மாணவர் அந்த முளையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாமே போய்க் கடப்பாரை எடுத்து வந்தார். புதுமுளைக்குக் குழி தோண்டி, காங்கிரீட் இறுகக் காத்திருந்து, நாள் பல கழிந்த பின்னரே கம்பத்தை மீண்டும் நிமிர்த்தினோம். அதற்குள் நிமிர்த்திவிடலாம் என்று எவரும் அவசரப்படவில்லை. எங்களுக்கு அது கம்பத்தைவிடப் பெரிய பேறாகத் தோன்றியது.

இப்போது ஆண்டுக்கு இருமுறை கம்பம் சாய்க்கப்படுகிறது. அம்மியையும் நகர்த்தும் என்னும் ஆடிக்காற்று வீசுமுன் ஒருமுறை. ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை. துரு, கிளாம்பு, முளை, எர்த் இணைப்பு, கேபிளின் நீர்க்காப்பு என ஒவ்வொன்றையும் பார்த்து ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுகிறோம். அந்தக் குறிப்பேட்டை வைத்திருப்பவர் அம்மாணவர்தான்.

வாசக அன்பர்களுள் வானொலி ஆர்வலர் சிலரே இருக்கக்கூடும். எனினும் தூரதர்ஷன் காலத்தில் நட்ட ஆன்டெனாக் குழாய் இன்னும் பலர் வீட்டு மாடியில் துருவேறி நிற்கிறது. ஸ்டே கம்பி அறுந்து, அடி இற்று, அருகே மின்கம்பியோ பள்ளிக்குச் செல்லும் தெருவோ இருக்க, அதை நட்டவரும் மறந்துபோயிருப்பார். அடுத்த மழைக்குமுன் ஒருமுறை மாடியேறிப் பாருங்கள். தேவையில்லையென்றால், பகலில், காற்றில்லாத வேளையில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு இறக்கிவிடுங்கள். மின்கம்பி அருகில் இருந்தால் நீங்கள் தொடாமல் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லுங்கள்.